அந்த ஹார்மோன் ரிப்போர்ட்டை மூடி வையுங்கள்

கேள்வி: எனக்கு 49 வயது. விருதுநகர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாதவிடாய் நின்று இரண்டரை வருடம் ஆகிறது. ஒரு வருடமாகக் கணவரோடு சேரும்போது பிளேடால் கீறியது போல எரிகிறது. ஒரு தடவை லேசாக இரத்தமும் பட்டது. மறுநாள் சிறுநீர் கழித்தாலும் கடுக்கிறது. நீர்க்கடுப்பு என்று இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அவர் பக்கத்தில் வந்து படுத்தாலே பயமாக இருக்கிறது. "உனக்கு ஆசையே போயிடுச்சு" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு லேபில் பெண்களுக்கான ஹார்மோன் பேக்கேஜ் எடுத்துப் பார்த்தேன். எஃப்.எஸ்.ஹெச். 78, ஈஸ்ட்ராடயால் 10-க்கும் கீழே, டெஸ்டோஸ்டீரோனும் குறைவு என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. ஹார்மோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறாள் தங்கை. ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார் அண்ணி. ஆசை திரும்ப நான் எந்த ஹார்மோன் எடுக்க வேண்டும்? எத்தனை நாள் எடுக்க வேண்டும்? மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கூச்சத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். பேரன் பேத்தி எடுத்தவர்களும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். என்ன, நேராகக் கேட்க மாட்டார்கள். முட்டி வலி, தூக்கமின்மை, நெஞ்சு கரிப்பு எல்லாம் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, எழுந்து கதவுவரை போன பிறகு திரும்பி, "இன்னொண்ணு கேக்கணும் டாக்டர்" என்பார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் இதுதான். நீங்கள் முதல் வரியிலிருந்தே விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள், நல்லது.

நீங்கள் கேட்டிருப்பது ஆசையைப் பற்றி. கடிதம் முழுக்க எழுதியிருப்பதோ வலியைப் பற்றி. என்னைக் கேட்டால் உங்கள் ஆசை எங்கேயும் போகவில்லை. வருடம் முழுக்கச் சேரும்போதெல்லாம் எரிந்தால் உடம்பு அந்த நேரத்துக்கே பயப்படக் கற்றுக்கொள்ளும். தோசைக்கல்லில் சுட்டுக்கொண்ட விரல் அடுத்த தடவை தானாகப் பின்வாங்குவது போலத்தான். அதைப் பார்த்து விரலுக்கு தோசை பிடிக்கவில்லை என்று சொல்வோமா? வலியைக் கவனிக்காமல் ஆசைக்கு மருந்து தேடினால் எந்த ஹார்மோனும் வேலை செய்யாது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "ஒரு தடவை லேசாக இரத்தமும் பட்டது" என்று பாதி வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு துளி இரத்தம் பட்டாலும், அது உறவின்போது பட்டாலும், ஒரு பெண் மருத்துவர் உள்ளே பார்த்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் உள்தோல் மெலிந்து வெடித்ததால் வந்ததாகவே இருக்கும். ஆனாலும் கருப்பை வாயில் புண்ணோ கட்டியோ இல்லை, கருப்பையின் உள்படலம் தடித்திருக்கவில்லை என்று உறுதி செய்யாமல் அப்படிச் சொல்லக் கூடாது. கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துச் சோதிக்கும் பாப் ஸ்மியர் எடுப்பார்கள். உள்படலத்தின் தடிமனை ஸ்கேனில் அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, அதற்கு மேல் போனால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். ஆசிரியை நீங்கள், பள்ளியில் மற்ற டீச்சர்களிடமும் சொல்லுங்கள். கருப்பை வாயைப் பார்க்காமல் க்ரீம் மட்டும் எழுதித் தரும் டாக்டரிடம் அந்தச் சீட்டை வாங்காமலே வந்துவிடுங்கள்.

சரி, எரிச்சலுக்கு வருவோம்.

ஈஸ்ட்ரோஜன் என்றாலே மாதவிடாயும் பிள்ளைப்பேறும்தான் நமக்கு நினைவுக்கு வரும். யோனியின் உள்தோல், அதன் வாய்ப்பகுதி, சிறுநீர்த் துவாரம், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி எல்லாமே அந்த ஹார்மோனை நம்பி வாழும் இடங்கள் என்பது பலருக்குத் தெரியாது. அது சுரக்கும்வரை உள்தோல் பல அடுக்காகத் தடித்து, மடிப்பு மடிப்பாக, நன்றாக விரிந்து கொடுக்கும்படி இருக்கும். அந்தச் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேர்ந்திருக்கும். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அதைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அதனால் யோனிக்குள் எப்போதும் அமிலத்தன்மை இருக்கும், பி.ஹெச். அளவு 3.8-க்கும் 4.5-க்கும் நடுவில் நிற்கும். வேண்டாத கிருமிகளுக்கு அங்கே வாழ்வது கஷ்டம்.

மாதவிடாய் நின்ற பிறகு இது ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். உள்தோல் மெலியும், மடிப்புகள் மறையும், ஈரம் குறையும். கிளைக்கோஜன் இல்லாததால் நல்ல பாக்டீரியா குறைந்து, பி.ஹெச். 5-க்கு மேல் ஏறும். மலக்குடலில் இருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் அந்த இடத்துக்குக் குடி வரும். பெண்ணின் சிறுநீர்க் குழாய் நீளமே சுமார் 4 சென்டிமீட்டர்தான். அங்கிருந்து சிறுநீர்ப்பைக்குப் போவது கிருமிக்கு ஒரு விஷயமே இல்லை. உங்கள் உறவு வலியும் நீர்க்கடுப்பும் இரண்டு வியாதிகள் போல இத்தனை நாள் தனித்தனியாக மருந்து வாங்கியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 2014-லிருந்து இந்தத் தொந்தரவுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஜி.எஸ்.எம். (Genitourinary Syndrome of Menopause) என்ற ஒரே பெயரில் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது. குப்பென்று உடம்பு சூடேறி வியர்க்கிற தொந்தரவு சில வருடங்களில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இது அடங்காது, கவனிக்காமல் விட்டால் வருடம் போகப் போகக் கூடத்தான் செய்யும். "வயசானா அப்படித்தான், பொறுத்துக்கோ" என்று மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டுக் காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இடையில் ஒரு பேச்சு. இது ஐம்பதைத் தொட்டவர்களுக்கு மட்டும் வருவதில்லை. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் குறைந்தே இருக்கும். "குழந்தை பிறந்து நாலு மாசமாச்சு, கிட்ட வந்தாலே எரியுது" என்று வரும் இளம் தாய்மாருக்கும் இதே கதைதான், அவர்களுக்குத் தற்காலிகம். நம் ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. 38, 40 வயதில் அதிக இரத்தப்போக்கு என்று போனால் கருப்பையோடு சேர்த்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு" என்ற ஒரு வாக்கியத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் பத்து வருடம் கழித்து மெல்ல மெல்ல வர வேண்டிய மாற்றம் ஒரே வாரத்தில் வந்து இறங்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது கருப்பை அறுவை சிகிச்சை என்று தேதி குறித்திருந்தால், சினைப்பையை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். எடுக்க நல்ல காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் லேப் ரிப்போர்ட்டைப் பார்ப்போம். எஃப்.எஸ்.ஹெச். என்பது சினைப்பையை வேலை செய்யச் சொல்லி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. சினைப்பை ஓய்வுபெற்ற பிறகு அது உத்தரவை இன்னும் சத்தமாகப் போடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 78 என்பது எதிர்பார்க்கிற எண்தான். ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான ஈஸ்ட்ராடயால் 10-க்குக் கீழே இருப்பதும் அப்படியே. மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதுக்கான அளவைப் பக்கத்தில் அச்சடித்து ஒப்பிட்டால் சிவப்பாகத்தான் தெரியும். 45 வயதுக்கு மேல் அறிகுறிகளை வைத்தே மாதவிடாய் நிற்றலைக் கண்டறியலாம், இந்த இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-லேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. டெஸ்டோஸ்டீரோன் கதை இன்னும் மோசம். பெண்களின் இரத்தத்தில் அது மிகச் சிறிய அளவில் இருப்பதால் சாதாரண லேப் முறைகளில் துல்லியமாக அளப்பதே கடினம். இந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆசை குறையும் என்று ஒரு கோடும் கிடையாது. உங்களைவிடக் குறைந்த எண்ணோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பேக்கேஜுக்குக் கட்டிய பணம் போனது போகட்டும், மறுபடி எடுக்காதீர்கள்.

அந்தப் பணத்தில் உபயோகமான வேறு சோதனைகள் செய்திருக்கலாம். மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, ஹீமோகுளோபின். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்று வந்து வந்து போகும். தைராய்டு குறைந்தாலும் இரத்தச் சோகை இருந்தாலும் எதிலும் நாட்டம் இருக்காது. நீங்கள் வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. எஸ்சிட்டலோப்ராம், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் ஆசையையும் உச்சத்தையும் மட்டுப்படுத்தும். தும்மலுக்குத் தினமும் போடும் அலர்ஜி மாத்திரைகூட வாயை உலர்த்துவது போல அங்கேயும் உலர்த்தலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம், அட்டையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பரிசோதனைக்குப் பயப்படுவீர்கள் என்று தெரியும். ஏற்கெனவே எரிகிற இடம். "சின்ன ஸ்பெகுலம் போடுங்க, நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே பார்ப்பதற்காக யோனியை விரித்துப் பிடிக்கும் கருவிதான் ஸ்பெகுலம். நான் முதலில் கருவியையே எடுக்க மாட்டேன். ஒரு பஞ்சுக் குச்சியால் வெளியிலிருந்து ஒவ்வோர் இடமாக மெதுவாகத் தொட்டு, எங்கே எரிகிறது என்று கேட்பேன். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் யோனி வாயின் கீழ்விளிம்பில், ஆசனவாய்ப் பக்கமாக, தாளில் விரல் கிழிபட்டது போல மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு இருக்கும். தோல் வெளிறி, வழவழவென்று, குச்சி பட்டாலே சிவக்கிற அளவுக்கு மெலிந்திருக்கும். "பிளேடால் கீறியது போல" என்று நீங்கள் எழுதியது மிகையே இல்லை. அங்கே நிஜமாகவே கீறல் இருக்கும்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளித்தோலில் பால் வெள்ளையாகத் திட்டு இருந்து, இராத்திரியில் அரிப்புத் தாங்காமல் இருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு அதிகம் வருவது. பூஞ்சை என்று நினைத்து வருடக்கணக்கில் பூஞ்சை மருந்தையே தடவிக்கொண்டிருப்பார்கள். அதற்கு வேறு மருந்து, வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. அதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

இரத்தக்கசிவுக்குக் கெட்ட காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டால் சிகிச்சை சுலபம். மூன்று பொருள்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். முதலாவது, யோனிக்கான ஈரப்பதம் தரும் ஜெல். முகத்துக்குப் போடும் மாய்ஸ்சரைசர் மாதிரி, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டியது. இரண்டாவது, உறவின்போது மட்டும் போடும் வழுவழுப்பு ஜெல், லூப்ரிகன்ட். வாசனையும் சூடேற்றும் பொருளும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். எரிகிற இடத்தில் அவை இன்னும் எரியும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை. வேறொன்றும் கிடைக்காதபோது பலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஆனால் ஆணுறை போட்டால் எண்ணெய் அதைக் கிழித்துவிடும். உங்களுக்கு ஆணுறையே தேவைப்படாது. 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் இரண்டு வருடம், பிறகு நின்றால் ஒரு வருடம்வரைதான் கருத்தடை வேண்டும்.

இந்த இரண்டும் மேலுக்கு ஆறுதல் தரும். மெலிந்த தோலைத் திரும்பத் தடிக்கச் செய்வது மூன்றாவதுதான், உள்ளே போடும் ஈஸ்ட்ரோஜன். எஸ்ட்ரியால் க்ரீம் என்று மருந்துக் கடையில் சீட்டுக் கொடுத்து வாங்கலாம். டியூபோடு ஒரு பிளாஸ்டிக் குழல் வரும், அதில் அளவுக்கோடு இருக்கும். வழக்கமாக, முதல் இரண்டு வாரம் தினமும் இராத்திரி படுக்கும்போது, பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. புதன், ஞாயிறு என்று கிழமை குறித்துக்கொண்டால் மறக்காது. படுத்துக்கொண்டு முழங்கால்களை மடக்கி, குழலை முதுகுத்தண்டின் பக்கம் சாய்த்து உள்ளே செலுத்தினால் சிரமம் இருக்காது. மேல்நோக்கி நேராகத் தள்ளுவதால்தான் பலருக்கு இடிக்கிறது. குழல் உள்ளே போவதே வலித்தால் விரல் நுனியில் எடுத்துப் போடுங்கள். உள்ளே போட்டதோடு நிறுத்தாமல், ஒரு பட்டாணி அளவு எடுத்து வாயின் கீழ்விளிம்பிலும் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் தடவச் சொல்லி நான் எழுதித் தருவேன். வெடிப்பு இருப்பதே அங்கேதானே. முதல் சில நாள் லேசாக எரியும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலனுக்கு மூன்று மாதம் ஆகும். உறவுக்குச் சற்று முன்பு இதை லூப்ரிகன்ட் மாதிரி போடக் கூடாது, அவர் தோலில் ஹார்மோன் ஒட்டும்.

நீர்க்கடுப்புக்கும் இதே மருந்துதான் பாதுகாப்பு. ஒரு வருடத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்றே கணக்கில் எடுப்போம். மாதவிடாய் நின்றவர்களுக்கு அது வராமல் தடுக்க யோனியில் போடும் ஈஸ்ட்ரோஜனைச் சிறுநீரகவியல் வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. அடுத்த முறை கடுத்தால் மாத்திரையைத் தொடுவதற்கு முன் யூரின் கல்ச்சருக்குக் கொடுங்கள். நீங்கள் சாப்பிட்ட மூன்று ஆன்டிபயாட்டிக்கில் ஒன்றிரண்டு, கிருமியே இல்லாத வெறும் எரிச்சலுக்காக இருந்திருக்கக்கூடும்.

அண்ணி சொன்ன பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் பெண்கள் ஆரோக்கிய முனைப்பு என்ற பெரிய ஆய்வில் மாதவிடாய் நின்ற 16,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியது என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. எவ்வளவு கூடியது? வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வரவேண்டிய இடத்தில் 38 பேருக்கு வந்தது. சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அவர்கள் தினமும் விழுங்கியது உடம்பு முழுக்கப் போகும் மாத்திரை. நீங்கள் வாரத்துக்கு இரண்டு முறை போடப் போகும் குறைந்த அளவு க்ரீம் அந்த இடத்திலேயே வேலை செய்கிறது. தொடர்ந்து போடும்போதும் இரத்தத்தில் ஹார்மோன் அளவு மாதவிடாய் நின்றவருக்கு இருக்கும் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அதனால்தான், கருப்பை உள்படலம் தடிக்காமல் இருக்கக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையை இதோடு சேர்க்கச் சொல்வதில்லை.

டப்பாவைப் பிரித்தால் உள்ளே மடித்து வைத்த சீட்டில் பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் என்று பயமுறுத்தும் எழுத்துகள் இருக்கலாம். மாத்திரையைப் பற்றிய எச்சரிக்கையை க்ரீமுக்கும் சேர்த்து ஒட்டியதால் வந்த வினை அது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2025 நவம்பரில் அந்த எச்சரிக்கைக் கட்டத்தை நீக்கச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், அதற்காக லெட்ரோசோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

தங்கை சொல்லும் ஊசிதான் எனக்குக் கவலை. எந்த ஹார்மோன், எவ்வளவு என்று எழுதித் தராமல் போடப்படும் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள். கருப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் உடம்பு முழுக்கப் போகும்படி கொடுத்துக்கொண்டே இருந்தால் கருப்பை உள்படலம் தடித்துப் புற்றுநோய்வரை போகலாம். டெஸ்டோஸ்டீரோன் ஊசி என்றால் முகத்தில் முடியும் பருவும் வரும், குரல் கட்டையாகும். குரல் மாறினால் மருந்தை நிறுத்தினாலும் திரும்புவது நிச்சயமில்லை. ஆசைக் குறைவுக்கு டெஸ்டோஸ்டீரோன் உதவவே உதவாதா என்றால், சிலருக்கு உதவும். 2019-ல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மனதை வாட்டும் அளவுக்கு ஆசை குறைந்து, வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால் மட்டும், தோலில் தடவும் சிறிய அளவில் கொடுக்கலாம் என்றது. இரத்தத்தில் எண் குறைவாக இருப்பதை மட்டும் வைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. உங்களுக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வலி முழுக்கப் போய், அப்போதும் நாட்டம் இல்லையென்றால் பேசலாம்.

உடம்பு குப்பென்று சூடேறுவது, தூக்கம் கெடுவது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அவையும் இருந்தால் மாத்திரையாகவோ தோலில் தடவும் ஜெல்லாகவோ ஹார்மோன் எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தைவிட நன்மை அதிகம்.

லேசர் விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். மூன்று சிட்டிங், யோனி இளமை, வலி போய்விடும் என்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே இதை எச்சரித்தது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில் பாதிப் பெண்களுக்கு நிஜ லேசரும் மீதிப் பேருக்குப் போலி லேசரும் கொடுத்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வித்தியாசமே இல்லை. மகள் கல்யாணச் செலவு காத்திருக்கிறது, பணம் பத்திரம்.

தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், ஆளி விதை, சோயா என்று யாராவது சொல்வார்கள். உணவாகச் சாப்பிடுங்கள், மெலிந்த தோல் அதனால் தடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சோப்பு, வாசனை வாஷ், கிருமிநாசினி கலந்த வெந்நீர், இவற்றில் எதையும் உள்ளே விட வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

இனி அவர் விஷயம். மூன்று வாரத்துக்கு உட்புகும் உறவு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று என் பெயரைச் சொல்லியே நிறுத்தி வையுங்கள். இதை இராத்திரி படுக்கையில் பேசாதீர்கள். அந்த நேரத்தில் சொன்னால் மறுப்பாகத்தான் காதில் விழும். பகலில், பைக்கில் எங்கேயாவது போகும்போதோ டீ குடிக்கும்போதோ சொல்லுங்கள்: "எனக்கு உங்க மேல ஆசை இல்லாம இல்ல, அந்த இடத்துல புண்ணு இருக்கு, மருந்து போட்டா ஆறிடும்." அவருக்கு இது தெரியாது, யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார். இரண்டாவது முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். ஐம்பதைத் தாண்டியவர் என்றால், விறைப்பில் அவருக்கே ஏதாவது தயக்கம் இருந்து அதை உங்கள் ஆசைக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கவும் கூடும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புண் ஆறிய பிறகும் சிலருக்கு அந்த நேரத்தில் தசை தானாக இறுகிக்கொள்ளும். பழைய வலியின் பழக்கம் அது. அப்போது "கீகல் பயிற்சி பண்ணு" என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கீகல் என்பது இறுக்கும் பயிற்சி. உங்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. மூச்சை அடிவயிறுவரை இழுத்துவிட்டு இடுப்படித் தசையைத் தொங்கவிடுவதை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். மதுரையில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று உங்கள் டாக்டரிடம் விசாரியுங்கள். திரும்ப ஆரம்பிக்கும்போது அவசரம் வேண்டாம், லூப்ரிகன்ட் தாராளமாகப் போடுங்கள், எவ்வளவு, எப்போது, எந்த நிலையில் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முடித்ததும் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.

எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது என்று நிறுத்தினால், தோல் மறுபடி மெலிந்து, எரிச்சலும் நீர்க்கடுப்பும் திரும்ப வரும். தாம்பத்தியமும் சிறுநீரும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்கிறவரை வாரத்துக்கு இரண்டு முறை தொடர வேண்டியதுதான். வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டிக்கொண்டு பல வருடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் எப்போது இரத்தம் பட்டாலும் க்ரீமை நிறுத்திவிட்டு அந்த வாரமே போய்க் காட்டுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் இந்த க்ரீம் எப்போதும் இருப்பில் இருக்காது. டியூப் தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.